மூன்று ரோபோ, ஒரே கூலி: வேறு வேறு ரோபோக்களைச் சேர்ந்து வேலை செய்யப் பழக்குவது எப்படி?

என் அம்மா செம்பனை (எண்ணெய்ப்பனை) காட்டில் உதிரிப் பழம் பொறுக்கியவர். அப்பா நீளக் கழியில் அரிவாள் கட்டிக் குலை வெட்டுவார். அம்மா பின்னாலேயே போய், மரத்தடியில் சிதறிக் கிடக்கும் பழத்தைக் கோணியில் அள்ளுவார். மாசக் கடைசியில் சம்பளச் சீட்டு அப்பா பேரில் வரும். அதில் அம்மாவின் பங்கு எவ்வளவு என்று கணக்கு எழுதும் கிராணிக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. அம்மாவுக்கு மட்டும் தெரியும், ஆனால் அவரை யாரும் கேட்டதில்லை.

பல ரோபோக்களைச் சேர்த்துப் பழக்க உட்கார்ந்தால் முதல் வாரமே இதே சிக்கலில் வந்து நிற்பீர்கள். கூட்டமாகச் செய்த வேலைக்கு ஒரே ஒரு மதிப்பெண் வருகிறது. அதில் யாருக்கு எவ்வளவு? இதற்கு 'கிரெடிட் அசைன்மென்ட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அல்காரிதம் எதுவாக இருந்தாலும், கூலிக் கணக்கைச் சரியாகப் போடாதவனுக்கு ரோபோ ஒத்துழைக்காது. எங்கள் அனுபவத்தில் நேரத்தில் பாதிக்கு மேல் இதற்கே போனது. அதனால் கீழே கூலிப் பகுதி நீளமாக இருக்கும், மற்றவை சுருக்கமாக இருக்கும்.

நாங்கள் இருப்பது மலேசியாவில், சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தையில். 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். ஊர்க்காரர் வாயில் இன்னும் பழைய பெயர்தான். 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் தொடங்கியது இந்தப் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில். கடைவீட்டு மாடியில் ஓர் அறை, ஒரு பழைய கேமிங் கம்ப்யூட்டர், பாலிடெக்னிக் படிக்கும் பையன்கள் மூன்று பேர். ஒரு ட்ரோன், பொறுக்கும் சின்ன வண்டி, சுமக்கும் பெரிய வண்டி மூன்றையும் உதிரிப் பழம் சேர்க்கப் பழக்கினோம். அவர்களோடு சேர்ந்து செய்ததைத்தான் படிப்படியாக எழுதுகிறேன். உங்களுக்குப் பைத்தான் தெரியும், வலுவூட்டல் கற்றலில் (செய்து பார்த்து, கிடைக்கும் புள்ளியை வைத்துக் கற்பது) ஒற்றை ஏஜெண்டை, அதாவது முடிவெடுத்து நடக்கும் ஒரே நிரலை, ஒரு தடவையாவது ஓட விட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: கற்றல் தேவையா என்று பாருங்கள்

முதலில் கையால் விதி எழுதுங்கள். 'பக்கத்தில் இருக்கும் பழத்துக்குப் போ, கூடை நிறைந்தால் வண்டியைக் கூப்பிடு' என்று 40 வரி போதும். அந்த விதியே நன்றாக ஓடினால் கடையைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஓடாவிட்டாலும் அதை அழிக்காதீர்கள். பின்னால் உங்கள் நியூரல் நெட்வொர்க் எந்த லட்சணத்தில் கற்றிருக்கிறது என்று அளக்க அதுதான் அளவுகோல். எங்கள் முதல் இரண்டு மாதப் பயிற்சியும் அந்த 40 வரியிடம் தோற்றது.

படி 2: யாருக்கு என்ன தெரியும், யாரால் என்ன முடியும்

ஒரு தாளை எடுத்து ஒவ்வொரு ரோபோவுக்கும் மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: எதைப் பார்க்கும், எதைச் செய்யும், எதைச் செய்யவே முடியாது. எங்கள் கணக்கு இது. ட்ரோன் தூரத்தில் இருப்பதைப் பார்க்கும், ஒரு பழத்தைக்கூடத் தூக்காது, பேட்டரி சீக்கிரம் தீரும். பொறுக்கும் சின்ன வண்டிக்கு 2 மீட்டருக்கு அப்பால் கண் தெரியாது; கூடையில் 15 கிலோ பிடிக்கும். சுமக்கும் பெரிய வண்டி 200 கிலோ ஏற்றும். ஆனால் குலை வெட்டுகிறவர்கள் நடக்கும் வெட்டுப் பாதையை விட்டு இறங்காது.

மூன்றாவது கேள்விதான் முக்கியம். ஒன்றால் முடியாததை இன்னொன்று செய்யும் இடத்தில்தான் ஒத்துழைப்பு பிறக்கிறது. எல்லா ரோபோவாலும் எல்லாம் முடியும் என்றால் உங்களுக்கு இந்தத் தலைவலியே வேண்டாம், வயலைப் பிரித்துக் கொடுத்துவிடலாம்.

ஆளுக்கொரு துண்டுப் பார்வை, எல்லாருக்கும் பொதுவான ஒரு குறிக்கோள் என்று அமையும் இந்த வகைக் கணக்கை 'டெக்-பாம்டிபி' என்பார்கள். இரண்டே ஏஜெண்ட் இருந்தால்கூட, ஆகச் சிறந்த விடையைத் துல்லியமாகக் கண்டுபிடிப்பது கம்ப்யூட்டரை மூச்சுத் திணற வைக்கும் கணக்கு என்று 2002இல் நிரூபித்துவிட்டார்கள். ஆகவே ஆகச் சிறந்ததைத் தேடி அலையாதீர்கள். 40 வரியை ஜெயித்தால் போதும்.

படி 3: சிமுலேட்டரில் தோட்டம் போடுங்கள்

அழகான முப்பரிமாணச் சிமுலேட்டரில் தொடங்காதீர்கள். பயிற்சிக்கு லட்சக்கணக்கான சுற்று ஓட வேண்டும்; இலை அசைவதை ரசிக்க நேரமில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 2022இல் வெளியிட்ட 'வீமாஸ்' என்ற இருபரிமாணச் சிமுலேட்டரை எடுத்துக்கொண்டோம். பைடார்ச் என்ற நிரல் நூலகத்தில் எழுதியது, ஆயிரக்கணக்கான உலகங்களை ஒரே நேரத்தில் ஜிபியூவில் (கிராஃபிக்ஸ் சிப்பில்) ஓட்டும், ஏஜெண்டுகளுக்கு வெவ்வேறு உருவமும் திறனும் கொடுக்கலாம்.

செம்பனையை முக்கோண வாக்கில் 9 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஹெக்டேருக்கு 142 மரம் சொச்சம் வரும். நாங்கள் 12 மரத்தோடு தொடங்கினோம். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை வெட்டுப் பாதை. நடுவில் வெட்டிய மட்டைகளின் அடுக்கு. ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் புல் கொத்திய வட்டம், அதற்குள் பழங்களைத் தூவிவிட்டோம்.

ஒருநாள் சோறு கொடுக்க மேலே வந்த அம்மா திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பழம் பூரா வட்டத்துக்குள்ளயேவா கெடக்கும்? குலை வுழுற வேகத்துல உருண்டு மட்டைக்கு அடியில போயிரும்யா. கைய வுட்டுத் துழாவித்தான் எடுப்போம். பாம்பு இருக்கானு குச்சியால தட்டிட்டு."

அன்றைக்கு ராத்திரியே மாற்றினோம். பழத்தில் ஒரு பகுதி மட்டை அடுக்கின் ஓரத்தில் விழும். ட்ரோனுக்குத் தெரியாது, பொறுக்கும் வண்டி கிட்டே போனால் மட்டும் தெரியும். அதுவரை ட்ரோன் சொன்ன இடத்துக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஓடிய வண்டி, மறு பயிற்சிக்குப் பிறகு மட்டை ஓரமாக ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரத் தொடங்கியது. சிமுலேட்டர் எழுதுமுன் அந்த வேலையை உடம்பால் செய்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

படி 4: எத்தனை நொடிக்கு ஒரு முடிவு?

மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை எல்லாம் கற்றலிடம் கொடுக்க வேண்டாம். சக்கரத்தைச் சுழற்றுவது, ட்ரோனைக் காற்றில் நிலையாக நிறுத்துவது எல்லாம் பழைய கட்டுப்பாட்டு முறைகள் கச்சிதமாகச் செய்கின்றன. 'அந்த மரத்துக்குப் போ', 'இங்கே காத்திரு', 'கொட்டு' என்ற அளவில் மட்டும் கற்கட்டும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு பலரைக் கவிழ்த்துவிடும். எதிர்காலக் கூலியைக் குறைத்து மதிப்பிடும் எண் ஒன்று உண்டு, காமா. எல்லாரும் யோசிக்காமல் 0.99 என்று போடுவார்கள். நொடிக்கு ஒரு முடிவு என்று வையுங்கள். பெரிய வண்டி நிரம்பி, பழத்தைச் சேர்க்கும் பிளாட்பாரத்துக்குப் போய்க் கொட்ட 5 நிமிஷம், அதாவது 300 முடிவு. 0.99ஐ 300 தடவை பெருக்கினால் 0.05 கூட வராது. 5 நிமிஷம் கழித்துக் கிடைக்கும் 1 ரிங்கிட், இப்போது 5 காசு மாதிரித் தெரியும். எந்த வண்டி அதற்காகப் புறப்படும்? காமாவை 0.997 ஆக்கினால் 40 காசு. இல்லையென்றால் 5 நொடிக்கு ஒரு முடிவு என்று மாற்றுங்கள். 60 முடிவில் வேலை முடியும், 0.99 போட்டாலும் 54 காசு மிஞ்சும். நாங்கள் இரண்டாவதைச் செய்தோம். மூன்று வாரம் அல்காரிதத்தைத் திட்டிக்கொண்டிருந்த பிறகு கண்டுபிடித்தது இது.

படி 5: அல்காரிதம்

ஆளுக்கு ஆள் தனியாகக் கற்கட்டும் என்று விடுவது மிகப் பழைய வழி. 1993லேயே செய்து பார்த்திருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், பொறுக்கும் வண்டி கற்றுக்கொண்டிருக்கும்போதே ட்ரோனும் மாறிக்கொண்டிருக்கும். நேற்றுச் சரியாக இருந்தது இன்றைக்குத் தப்பு. நிலம் நிற்காமல் நழுவினால் எங்கே கால் ஊன்றுவது?

இப்போது பெரும்பாலும் பின்பற்றுவது 'கூட்டாகப் பயிற்சி, தனியாக ஓட்டம்' என்ற வழி. பயிற்சி நேரத்தில் மட்டும் எல்லாவற்றையும் பார்த்து நிலைமைக்கு மதிப்புப் போடும் நெட்வொர்க் ஒன்று, 'கிரிட்டிக்', இருக்கும், மேலே நின்று முழு வயலையும் பார்க்கிற மண்டோர் (கங்காணி) மாதிரி. வேலைக் களத்தில் மண்டோர் கிடையாது. ஒவ்வொரு ரோபோவும் தன் கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துத்தான் நடக்கும். 2017இல் வந்த 'எம்ஏடிடிபிஜி', 2018இல் வந்த 'கியூமிக்ஸ்', 2021இல் வந்த 'மேப்போ' மூன்றும் இந்தக் குடும்பம்தான்.

எதை எடுப்பது என்றால், மேப்போ. ஒற்றை ஏஜெண்டைப் பழக்கும் 'பிபிஓ' என்ற முறையையே கூட்டத்துக்கு மாற்றியது அது. இவ்வளவு எளிமையானது இவ்வளவு நன்றாக ஓடுகிறதே என்று செய்தவர்களே வியந்தார்கள். கியூமிக்ஸ் எண்ணிவிடக்கூடிய செயல்களுக்குத்தான் ஒத்துவரும். மேலும் அது, ஓர் ஏஜெண்டின் மதிப்பு கூடினால் கூட்டத்தின் மதிப்பு குறையாது என்று எடுத்துக்கொள்கிறது. பெரிய வண்டி போவது நல்லதா கெட்டதா என்பது சின்ன வண்டி அங்கே இருக்கிறதா என்பதைப் பொறுத்தது என்னும்போது அந்த ஊகம் இடறும்.

நெட்வொர்க்கைப் பங்கு போடுவதில் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: ஒரே இனம் என்றால் ஒரே மூளை, வேறு இனம் என்றால் வேறு மூளை. நான்கு பொறுக்கும் வண்டி இருந்தால் நான்கும் ஒரே நெட்வொர்க். ஒன்று கற்றது நான்குக்கும் போகும். ட்ரோனையும் அதிலேயே திணிக்காதீர்கள். உள்ளீட்டில் பூஜ்யம் நிரப்பி நீளத்தைச் சமமாக்கி, இன எண்ணையும் கொடுத்து ஒரே நெட்வொர்க்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஓடும். ஆனால் எங்களுக்கு ஒன்று தேறினால் இன்னொன்று கெட்டது. ஒவ்வொரு இனத்துக்கும் தனி மூளை வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக, முந்தையது எப்படி மாறியது என்பதைக் கணக்கில் எடுத்துப் புதுப்பிக்கும் 'ஹேப்போ' என்ற முறை 2022இல் வந்தது. மேப்போ தடுமாறினால் அதற்குப் போங்கள். இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன, நீங்களே எழுதாதீர்கள்.

மேப்போவுக்குத் தொடக்க அமைப்பு: கிளிப் (ஒரு தடவையில் நடத்தை எவ்வளவு மாறலாம் என்ற எல்லை) 0.2, லாம்டா (பின்னால் வரும் கூலியை எவ்வளவு தூரம் கணக்கில் எடுப்பது) 0.95, கற்றல் வேகம் 0.0003. கிரிட்டிக் கணிக்கும் மதிப்பைச் சீராக்கும் தேர்வைக் கட்டாயம் இயக்குங்கள். மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

படி 6: கூலி

எங்கள் முதல் கூலித் திட்டம்: பழம் ஒன்று பொறுக்கினால் பொறுக்கும் வண்டிக்கு 1 புள்ளி, பழத்தைக் கண்டால் ட்ரோனுக்கு 1 புள்ளி, நகர்த்தினால் பெரிய வண்டிக்குப் புள்ளி. நியாயமாகத்தானே இருக்கிறது? மறுநாள் காலையில் வந்து பார்த்தால் பயிற்சி வரைபடம் வானத்தைத் தொட்டிருந்தது. பையன்கள் தே தாரிக் வாங்கிக் கொண்டாடிவிட்டார்கள். ஓட்டத்தைப் போட்டுப் பார்த்தோம். பொறுக்கும் வண்டி ஒரே மரத்தடியில் நின்று கூடையைக் கொட்டும், அள்ளும், கொட்டும், அள்ளும். ஒவ்வோர் அள்ளலுக்கும் புள்ளி. ட்ரோன் ஒரு மரத்தைப் பார்த்துத் திரும்பி, மறுபடி பார்த்து, 'கண்டேன், கண்டேன்' என்று வசூலித்துக்கொண்டிருந்தது. பிளாட்பாரத்தில் ஒரு பழம் இல்லை. குற்றம் எங்கள் மேல்தான். அவை நாங்கள் கொடுத்த கூலிக்குச் சரியாகவே வேலை செய்தன.

அதனால் கூலியின் முதல் விதி: கடைசியில் உண்மையாக வேண்டியதற்கு மட்டும் புள்ளி. எங்களுக்கு அது பிளாட்பாரத்தில் வந்து விழுந்த கிலோ. அதுவும் எல்லாருக்கும் பொதுவாக.

பொதுவாக்கியதும் அடுத்த கூத்து. பொறுக்கும் வண்டியும் பெரிய வண்டியும் உழைக்க, ட்ரோன் ஒரு மூலையில் தரையிறங்கி உட்கார்ந்துவிட்டது. கூட்டத்துக்கு வரும் புள்ளி அதற்கும் வருகிறதே, எதற்குப் பறக்க வேண்டும்? பறந்து மற்றவற்றைக் குழப்பினால் புள்ளி குறையவும் செய்யும். இதற்கு 'சோம்பேறி ஏஜெண்ட்' என்றே பெயர். 2017இல் கூட்டு மதிப்பைப் பிரிக்கும் முறை ஒன்றைச் சொன்ன டீப்மைண்ட் ஆய்வு இதைப் பெயர் சொல்லிப் பேசுகிறது.

எங்களைக் காப்பாற்றியது 'வித்தியாசக் கூலி'. அம்மாவின் பங்கு எவ்வளவு என்ற கேள்விக்கு விடையும் அதுதான்: அம்மா வராமல் இருந்திருந்தால் அந்த மாதம் எத்தனை கிலோ குறைந்திருக்கும்? அதுவே அம்மாவின் கூலி.

எண்ணில் பாருங்கள். மூன்றும் சேர்ந்து ஒரு சுற்றில் 90 கிலோ. ட்ரோனை மட்டும் அசையாமல் வைத்து அதே சுற்றை ஓட்டினால் 70 வருகிறது. ட்ரோனின் கூலி 20. பெரிய வண்டியை நிறுத்தினால் சின்ன வண்டி தானே பிளாட்பாரத்துக்கு நடக்க வேண்டும், 30தான் தேறும். பெரிய வண்டியின் கூலி 60. பொறுக்கும் வண்டியை நிறுத்தினால் ஒன்றுமே இல்லை; அதன் கூலி 90. கூட்டினால் 170 வருகிறது, 90 வரவில்லையே என்று ஒரு பையன் சண்டைக்கு வந்தான். வர வேண்டாம். இது பட்டுவாடா செய்யும் பணம் இல்லை. 'நீ செய்ததால் என்ன மாறியது' என்று ஒவ்வொன்றின் காதிலும் தனித்தனியாகச் சொல்லும் சேதி. ஒரு ரோபோ செய்ததால் கூட்டத்தின் மதிப்பு கூடினால் அதன் கூலியும் கூடும், அது போதும்.

செலவு உண்டு. ஒவ்வொரு ரோபோவுக்கும் ஒரு தடவை என்று கூடுதலாகச் சிமுலேட்டரை ஓட்ட வேண்டும். வீமாஸ் மாதிரி மலிவான சிமுலேட்டரில் தாங்கும். தாங்காவிட்டால், 'இது வேறு ஏதாவது செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்' என்பதைக் கிரிட்டிக்கிடமே கேட்டுக் கணிக்கும் 'கோமா' முறை 2018இல் வந்திருக்கிறது.

இன்னொரு தந்திரம். பிளாட்பாரத்துக்கு வந்தால்தான் புள்ளி என்றால் தொடக்கத்தில் புள்ளியே வராது, கற்க ஒன்றும் இருக்காது. வழியில் சின்னத் தூண்டில் போடலாம், ஆனால் 1999இல் நிரூபித்த விதிப்படி போடுங்கள்: ஒவ்வொரு நிலைக்கும் ஒரு 'உயரம்' கொடுத்து, ஏறினால் புள்ளி, இறங்கினால் அதே அளவு கழிவு, புதிய உயரத்தைக் காமாவால் பெருக்கிக்கொண்டு. கூடையில் பழம் இருப்பது உயரம், கொட்டினால் இறக்கம். கொட்டி அள்ளும் கள்ளத்தனத்துக்கு இதில் லாபம் இல்லை.

படி 7: கொஞ்சம் கொஞ்சமாக

முதலில் சின்ன வண்டியும் பெரிய வண்டியும் மட்டும், 4 மரம். அது ஓடிய பிறகு ட்ரோன். பிறகு 12 மரம். தேறாமல் அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள்.

எல்லாம் சரியாக ஓடும்போது வேண்டுமென்றே கெடுங்கள். பத்தில் இரண்டு சேதியைத் தொலையுங்கள், இன்னும் சிலதை 2 நொடி தாமதப்படுத்துங்கள். சுற்றின் நடுவில் ஏதாவது ஒரு ரோபோவை நிறுத்திவிடுங்கள். செம்பனை மட்டைகள் மூடிய இடத்தில் ஜிபிஎஸ் தடுமாறும், ஆகவே இருப்பிடத்திலும் தவறு கலந்து கொடுங்கள். இப்படி வளர்ந்த கூட்டம், ட்ரோன் பேட்டரி தீர்ந்து இறங்கிய பிறகும் மெதுவாகவாவது வேலையை ஓட்டும்.

படி 8: நம்பாதீர்கள், சோதியுங்கள்

ஒரே பயிற்சியின் வரைபடத்தைக் காட்டி 'கற்றுவிட்டது' என்று சொல்லாதீர்கள். தற்செயலைத் தொடங்கி வைக்கும் விதை எண்ணை (சீட்) மாற்றி 5 தடவையாவது பயிற்சி கொடுத்து, நல்லது கெட்டது இரண்டையும் சொல்லுங்கள். எங்கள் ஐந்தில் ஒன்று இன்றைக்கும் தோல்விதான்.

பிறகு ஆள் மாற்றுச் சோதனை. முதல் பயிற்சியின் ட்ரோனை மூன்றாம் பயிற்சியின் வண்டிகளோடு சேர்த்து ஓட்டுங்கள். எங்கள் ட்ரோன் ஒன்று, பழம் அதிகமுள்ள மரத்தின் மேல் இடப்பக்கமாகச் சுற்றியது. அதன் வண்டிக்கு அது புரிந்தது. மற்ற வண்டிகளுக்குப் புரியவில்லை, பேசாமல் நின்றன. ஒரு வீட்டுக்குள் மட்டும் புழங்கும் ஜாடை பாஷை அது. ரோபோ ஒன்று பழுதாகி மாற்ற நேர்ந்தால் மொத்தக் கூட்டமும் ஊமையாகும். பயிற்சியின்போதே கூட்டாளிகளை மாற்றி மாற்றிச் சேர்த்தால் இது குறையும்.

40 வரி விதியோடும் ஒப்பிடுங்கள். கடைசியில் 12 மரத்தில் நாங்கள் அதை ஜெயித்தோம். 4 மரத்தில் இன்னும் விதிதான் ஜெயிக்கிறது. சின்ன வயலுக்கு அதையே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து; பையன்களுக்கு அதில் வருத்தம்.

படி 9: தரையில் இறக்கும்போது

சிமுலேட்டர் ஒன்று, செம்மண் சேறு இன்னொன்று. உராய்வு, எடை, மோட்டாரின் தாமதம், வெளிச்சம் எல்லாவற்றையும் சுற்றுக்குச் சுற்று மாற்றிப் பயிற்சி கொடுக்கும் வழக்கம் 2017இலிருந்து பரவியது. நிஜ உலகமும் அந்த மாற்றங்களில் ஒன்று மாதிரித் தெரிந்தால் ரோபோ தடுமாறாது. ரோபோக்களுக்கு இடையே சேதி அனுப்ப ராஸ் 2 என்ற ரோபோ மென்பொருள் போதும்.

ஆள் மேல் மோதாமல் நிற்பதை மட்டும் கற்றலிடம் விடாதீர்கள். அதற்குத் தனி சென்சார், தனி நிரல், கைக்கெட்டும் சிவப்புப் பொத்தான். நெட்வொர்க் என்ன சொன்னாலும் அந்த நிரல் மறுத்தால் வண்டி நிற்க வேண்டும். ட்ரோனைத் தூக்குமுன் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைப் பாருங்கள், தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

நாங்கள் இறக்கியது கோயில் திடலில், பொம்மைக் கார் அடித்தளத்தில் செய்த இரண்டு வண்டியும் ஒரு மலிவு ட்ரோனும். மரத்துக்குப் பதில் பிளாஸ்டிக் நாற்காலி. பழத்துக்குப் பந்து வைக்கலாம் என்றான் ஒருவன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை, ஒரு வாளி நிஜப் பழம் கொண்டுவந்து கொட்டினார். மூன்றாவது நாற்காலியில் சின்ன வண்டி நிற்காமல் அப்படியே தாண்டிப் போனது. அம்மா பின்னாலேயே போய், அது விட்டுவிட்டுப் போன நான்கு பழத்தைப் பொறுக்கிக் கூடையில் போட்டார். பதிவைப் பிறகு திறந்து பார்த்தபோது, அந்த நான்கும் சின்ன வண்டியின் கணக்கில் ஏறியிருந்தன.